பெயர் கேட்காதவர்

மேல்வீட்டு அக்காவுக்குத் தம் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்தபடியே, கீழே எங்கள் கணினியில் நாங்கள் எதைப் பார்க்கிறோம் என்பது தெரியும் என்று அந்நாளில் எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினோம். மகள் மீராவின் கல்லூரிப் படிப்புக்காக வாங்கிய கணினி அது. தொலைபேசிக் கம்பி வழியாக இணையத்தைப் பிடிக்கும்போது அது எழுப்பும் கீச்சொலி கேட்டாலே என் கணவர் எழுந்து ஜன்னலைச் சாத்துவார். படியில் அக்காவின் செருப்புச் சத்தம் கேட்டால் மீரா பூத்தையல் போட்ட உறையை எடுத்துத் திரைமேல் போர்த்திவிடுவாள். "அம்மா, ஆன்ட்டி வர்றாங்க, ஜல்தி!" என்பாள், ஏதோ பொல்லாத காரியத்தில் பிடிபட்டவளைப் போல. அவள் பார்த்துக்கொண்டிருந்தது பெரும்பாலும் மருதாணிக் கோலங்களாகத்தான் இருக்கும்.

அந்த நம்பிக்கை தவறானது. அவர் கணினிப் பிரிவில் வேலை பார்த்த அலுவலகத்துக்கு வெளியே அவரால் எவருடைய திரையையும் பார்த்திருக்க முடியாது. இதை அவரிடமே கேட்டுத் தெளிந்திருக்கலாம். ஆனால் அவர் எங்களிடம் எதையும் கேட்டதில்லை என்பதால், அவரிடம் ஒன்றைக் கேட்பது எங்களுக்கும் கைவரவில்லை. ஜனக்புரியின் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில், எங்கள் தலைக்கு மேலே அத்தனை ஆண்டுகள் தனியாக வாழ்ந்த அவர் மணமானவரா, மணமுறிவு பெற்றவரா, மணமே வேண்டாம் என்று இருந்தவரா என்பதுகூட எங்களுக்குத் தெரியாது. திருநெல்வேலிப் பக்கம் என்பதைப் பேச்சு சொன்னது. மற்றவற்றை அவர் சொல்லவில்லை.

"சாப்பிட்டாச்சா" என்று அவர் யாரிடமும் கேட்டு நான் அறியேன். முகத்தைப் பார்ப்பார், தட்டை நம் பக்கம் நகர்த்துவார், அல்லது நகர்த்தமாட்டார். இரண்டும் சரியாக இருக்கும்.

என் கணவரும் அவரும் ஒரே பொதுத்துறை நிறுவனத்தில் பணியாற்றினார்கள். கணவர் கொள்முதல் பிரிவில். அக்கா கணினிப் பிரிவின் பொறுப்பாளர். இருவரும் காலையில் ஒரே சார்ட்டர்ட் பஸ்ஸில் போவார்கள். மாதச் சந்தா கட்டிய பயணிகளே நிரம்பிய அந்த பஸ்ஸில் ஒவ்வொருவருக்கும் பழக்கத்தால் வந்த இருக்கை ஒன்று உண்டு; பிறந்தநாள் என்றால் லட்டுப் பெட்டி வரிசை வரிசையாகக் கைமாறும். ஒரு தீபாவளிக்கு அக்கா எங்களுக்கு இரண்டு டப்பா கொடுத்தனுப்பினார். ஒன்றில் மைசூர் பாகு. மற்றொன்றில் வெறும் காரம். அந்த வாரம்தான் மருத்துவர் என் கணவருக்குச் சர்க்கரை என்று சொல்லியிருந்தார். நாங்கள் மீராவிடம்கூட அதைச் சொல்லவில்லை.

நான் மாடிக்குப் போய் டப்பாவைத் திருப்பிக் கொடுத்தபோது, "உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதுக்கா?" என்றேன்.

"பஸ்ல லட்டு வரும்போது சார் ஜன்னலுக்கு வெளிய பாக்காவ. முன்னல்லாம் ரெண்டு எடுப்பாவ" என்றார். பிறகு சற்றுத் தயங்கி, "நான் யார்ட்டயும் சொல்லலை டீச்சர்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

இந்த மௌனமான கவனிப்பில் ஒரு கனிவு இருந்தது. அதற்குள் கொஞ்சம் திகிலும் இருந்தது. நம்மைக் கேட்காமலே நம்மை அறிந்துவைத்திருக்கும் ஒருவர் எதிரில் வரும்போது, அன்பின் நடுவிலும் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொள்ளத் தோன்றும்.

அவர் ஏன் அப்படி ஆனார் என்பதற்கு ஒரே ஒருமுறை அவராகவே ஒரு காரணம் சொன்னார். இளவயதில் தில்லிக்குத் தனியாக வந்தவர், முதலில் பணிபுரியும் பெண்கள் விடுதி ஒன்றில் தங்கினார். மாலையில் உள்ளே நுழையும் ஒவ்வொரு நாளும் வாயிற்காவலர் நிறுத்துவாராம்: பெயர் என்ன, எங்கே போனாய், கொண்டுவந்து விட்டது யார். பிறகு வாடகைக்கு வீடு தேடியபோது வீட்டுக்காரர்கள்: மதராசியா, மீன் சமைப்பீர்களா, தனியாகவா, ஏன் தனியாக? "பதில் சொல்லிச் சொல்லி வாய் செத்துப் போச்சு" என்றார். "என் கைக்கு ஒரு வாசல் வந்தா அங்க ஒருத்தரையும் நிறுத்தக் கூடாதுன்னு அப்பவே நெனச்சேன்."

அப்படி ஒரு வாசல் அவர் கைக்கு வந்தது. அலுவலகத்தில் எல்லோருக்கும் இணையம் கிடைக்கத் தொடங்கிய காலம். யார் எந்தப் பக்கங்களைப் பார்க்கலாம் என்று நிர்வாகம் விதி வகுத்திருந்தது: கணக்குப் பிரிவுக்கு வங்கிகள், கொள்முதல் பிரிவுக்கு வியாபார நிறுவனங்கள், கிரிக்கெட் உணவு இடைவேளையில் மட்டும். விதியைச் செயல்படுத்த வேண்டுமானால் திரைக்கு முன்னால் இருப்பவர் யார் என்று, பக்கங்களைத் தடுக்கும் வடிகட்டி என்ற மென்பொருளுக்குத் தெரிய வேண்டும். அக்கா அதற்குச் செய்த ஏற்பாட்டை எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்து ஒருநாள் விளக்கினார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நாங்கள் கேட்டதில்லை.

"முன்னெல்லாம் ஒவ்வொரு தடவையும் ஒரு பெட்டி குதிச்சு வந்து, நீ யாரு, பாஸ்வேர்டைச் சொல்லுன்னு நிக்கும் டீச்சர். வந்த மனுசரை வாசல்ல நிறுத்தி வச்சுப் பேரு கேக்கது போலீஸ்காரன் வேலைல்லா. இப்போ அது கிடையாது. காலைல கம்ப்யூட்டரைத் திறக்கும்போது எப்படியும் பேரு போட்டுத்தானே திறக்காவ. அந்தப் பேரை உள்ள இருக்க சர்வர் ஞாபகம் வச்சுக்கிடும். வடிகட்டி சர்வர்ட்ட மெதுவா விசாரிச்சுக்கிடும். நீங்க பாட்டுக்கு வேலையப் பாக்கலாம். உங்களை யாரும் தொந்தரவு பண்ணமாட்டாவ."

"அப்போ எங்க எல்லார் முதுகுலயும் பேர் எழுதி ஒட்டியிருக்கீங்கன்னு சொல்லுங்க" என்று என் கணவர் சிரித்தார்.

"ஒட்டினது உங்களுக்கே தெரியாது சார். அதான் அதுல அழகு" என்றார் அக்கா. அவர் முகத்தில் அன்றிருந்த பெருமிதம் குழந்தையினுடையதைப் போன்றது. இயக்குநர் வெளியூர் விருந்தினர்களை அழைத்து வந்து அதைக் காட்டுவதாகவும், மற்றக் கிளைகளுக்கும் அதை விரிவாக்கப் போவதாகவும் என் கணவர் பின்னர் சொன்னார்.

கூலரில் வெட்டிவேர்த் தட்டி மாற்றிய கோடைநாள் ஒன்றில், என் கணவர் வீட்டுக்கு வந்ததும் செய்தித்தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். பக்கம் புரளவில்லை. மீரா கணினியைத் திறக்கப் போனபோது, "அதைத் தொடாதே" என்று அவர் குரல் உயர்த்தியதும், அவள் திடுக்கிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள். அவள் தோழி வீட்டுக்குப் போனபின் சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து என் முன்னே வைத்தார்.

கண்காணிப்புப் பிரிவிலிருந்து வந்த குறிப்பாணை. அலுவலக இணையத்தில் அவர் தொடர்ந்து ஆபாசப் பக்கங்களைத் திறக்க முயன்றதாகவும், தடுக்கப்பட்ட பின்னும் மீண்டும் மீண்டும் முயன்றதாகவும், துறை நடவடிக்கை ஏன் எடுக்கக் கூடாது என்பதற்கு விளக்கம் தரும்படியும் அதில் எழுதியிருந்தது. ஓய்வுக்கு இரண்டு ஆண்டுகூட இல்லை. நடவடிக்கை தொடங்கிவிட்டால் ஓய்வூதியம் நிற்கும் என்பது ஒருபுறம். அந்த ஒரு சொல் பஸ்ஸில், குடியிருப்பில், மீராவின் காதில் விழும் என்பது மறுபுறம். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கூலரிலிருந்து சொட்டும் நீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் பள்ளியில் தமிழ் கற்பிப்பவள். பிள்ளைகளிடம் கேட்பதற்கு நான் கூசியதில்லை. அவரிடமும் கேட்டேன்.

"நீங்களா?"

"இல்லை."

"பின்ன உங்க பேர் எப்படி வந்தது?"

"அதான் எனக்கே புரியலை. என் மேஜையில கம்ப்யூட்டரே கிடையாது. செக்ஷனுக்கே ஒண்ணுதான். அதையும் நான் திறந்து வைக்கிறதோட சரி."

"திறந்து வைக்கிறதுன்னா?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "நம்ம பஸ்தானே முதல்ல போய்ச் சேருது. நான்தான் முதல் ஆள். லைட்டைப் போடுவேன், கூலரைப் போடுவேன், கம்ப்யூட்டரைத் திறந்து வைப்பேன். பேர் போட்டாத்தான் திறக்கும். என் பேரைப் போட்டுடுவேன். அப்புறம் வர்றவங்க உக்காந்து வேலையப் பாப்பாங்க. அது திறக்கவே ரொம்ப நேரம் ஆகும். ஒவ்வொருத்தரும் மூடி மூடித் திறந்துக்கிட்டிருந்தா வேலை நடக்குமா?"

விளக்கைப் போடுவதைப் போலத்தான் அவர் தம் பெயரைப் போட்டு வைத்திருந்தார், பின்னால் வரும் எல்லோருக்குமாக. அது அந்த அறையில் ஒரு மரியாதை. யாரும் அதைத் தவறென்று நினைத்ததில்லை.

தாளை எடுத்துக்கொண்டு நான் மாடிப்படி ஏறினேன். கதவு திறந்தே இருந்தது. என் காலடியை அவர் அறிவார். "வாங்க டீச்சர்" என்ற குரல் முதலில் வந்தது. தாளைப் பார்த்ததும் அவர் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார்.

"உங்களுக்குத் தெரியுமா இது?"

"தெரியும்" என்றார் மெதுவாக. "வைகாசி பொறக்கறதுக்கு முன்னாலேயே தெரியும்."

"தினம் ஒரே பஸ்ஸில போறீங்க. ஒரு வார்த்தை அவரைக் கேட்டிருக்கலாமே!"

"எப்படிக் கேப்பேன் டீச்சர்? சார் முகத்தைப் பாத்து இதை எந்த வாயால கேக்க?" அவர் கண்கள் நிறைந்துவிட்டன. "புதுசா முளைக்க சில அழுக்குப் பக்கம் வடிகட்டிக்குத் தெரியாது, விட்டுரும். சார் பேருல அது வருதுன்னு பாத்தேன். சத்தமில்லாம அதையெல்லாம் அடைச்சேன். அடைச்சா அவுகளே புரிஞ்சு நிறுத்திருவாவ, ஒரு பேச்சில்லாம முடிஞ்சிரும்னு நெனச்சேன். அவுக மானத்துக்காகத்தான் செஞ்சேன்."

அவர் அடைத்ததுதான் வினையாயிற்று. பார்த்தவர் யாரோ, அவர் நிறுத்தவில்லை. திரும்பத் திரும்பத் தட்டியிருக்கிறார். தடுக்கப்பட்ட முயற்சிகளின் தொகுப்பு வாரந்தோறும் கண்காணிப்புப் பிரிவுக்குத் தானாகவே போய்ச் சேரும்படி முன்பே அமைத்திருந்தார்கள். அக்கா அடைக்காமல் விட்டிருந்தால் அது யார் கண்ணிலும் பட்டிருக்காது.

"அக்கா, அவர் அந்த நாற்காலியில உக்காருறதே இல்லை" என்று சொல்லி, என் கணவர் கூறியதை அப்படியே கூறினேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்தது. எழுந்து அணைத்தவள் நான்தான்.

"நான் ஒருநாள்கூட அந்த ரூமுக்குக் காலைல போய் நின்னதில்லை டீச்சர்" என்று கடைசியில் சொன்னார்.

மறுநாள் போய் நின்றிருக்கிறார். பஸ்ஸைவிட்டு இறங்கியதும் தம் பிரிவுக்குப் போகாமல் என் கணவரின் பின்னாலேயே வந்து, கோப்பு அலமாரி ஓரம் ஒரு முக்காலியில் உட்கார்ந்துகொண்டாராம். விளக்கு, கூலர், கணினி, பெயர். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவர் ரயில் முன்பதிவு பார்த்தார். ஒருவர் மகனின் தேர்வு எண்ணைத் தட்டினார். ஒருவர் மேடத்தைக் கண்டதும் வியாபாரக் கடிதம் ஒன்றைத் திறந்துகொண்டார். எவரும் பெயரை மாற்றவில்லை. "நாள் முழுக்க ஒரே நாற்காலியில நான் நாலு ஆளா உக்காந்திருந்தேன்" என்று என் கணவர் அன்று மாலை கசப்போடு சிரித்தார். யார் செய்தது என்பது அன்றும் தெரியவில்லை, பின்னரும் தெரியவில்லை.

விசாரணை நடந்த அன்று நான் பள்ளியில் இலக்கணம் நடத்திக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் எடுத்துக்காட்டை இருமுறை தவறாக எழுதி அழித்தேன். அங்கே நடந்ததை என் கணவர் சொல்லித்தான் அறிவேன். விசாரணை அதிகாரி வட இந்தியர். கண்டிப்பானவர் என்றாலும் கெட்டவர் அல்லர். அக்காவைப் பார்த்து, "மேடம், மெஷின் எதுக்குப் பொய் சொல்லப் போகுது?" என்று இந்தியில் கேட்டிருக்கிறார். இயக்குநரும் அருகில் இருந்திருக்கிறார்.

அக்கா எழுந்து நின்று பதில் சொன்னாராம். "காலையில் யார் திறந்தார்கள் என்பது மட்டும்தான் மெஷினுக்குத் தெரியும். பிறகு யார் உட்கார்ந்தார்கள் என்பது அதற்கு ஒருநாளும் தெரியாது. தெரியும் என்று நான்தான் உங்களிடமும் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். அது என் தவறு. அதை எழுத்தில் தருகிறேன்."

"ஒருத்தர் பேர்ல இன்னொருத்தர் உக்காரக் கூடாதுன்னு விதி இருக்கே" என்றார் இயக்குநர்.

"விதி இருக்கு சார். அந்த அறையில் ஐந்து பேருக்கு ஒரு மெஷின்தான் இருக்கு" என்றார் அக்கா.

அதிகாரி சிறிது நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாராம்: "அப்படியானால், போன குளிர்காலத்தில் சுனிதாவை அனுப்பினோமே, அது?"

சுனிதா ஒப்பந்தத்தில் இருந்த தட்டச்சுப் பெண். லாட்டரிப் பக்கங்களில் மணிக்கணக்கில் இருந்ததாக அவள் பெயரில் பதிவு வந்ததும், ஒப்பந்தக்காரர் வழியே மறுநாளே நிறுத்திவிட்டார்கள். "மைனே நஹி கியா" என்று, நான் செய்யவில்லை என்று, வரவேற்பறையில் நின்று அவள் அழுததை என் கணவர் பார்த்திருக்கிறார். அவளும் தன் அறையில் முதலில் வருபவள்.

என் கணவர் மீதான குறிப்பாணை திரும்பப் பெறப்பட்டது. எனக்கு அன்று மூச்சு வந்தது. மீராவுக்கு எதுவும் தெரியாமலே அந்தக் கோடை கழிந்தது. கிளைகளுக்கு விரிவாக்கும் திட்டம் நின்றது. பழைய பெட்டி மறுபடி ஒவ்வொரு முறையும் குதித்து வந்து பெயர் கேட்கத் தொடங்கியது. அலுவலகம் முழுவதும் அக்காவைத் திட்டியது. "நிம்மதியா ஸ்கோர் பாக்க விடமாட்டேங்குது உங்க மேடம்" என்று பஸ்ஸில் முகத்துக்கு நேரே சொன்னார்கள். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார், என் கணவர் லட்டு வரும்போது பார்த்ததைப் போல.

அந்த ஆண்டின் மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு அவர் கீழே வந்து, "டீச்சர், உத்தம் நகர் வரைக்கும் துணைக்கு வரமுடியுமா?" என்றார். அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

ஒப்பந்தக்காரரிடமிருந்து கிடைத்தது அரைகுறை விலாசம்: பால் பூத்துக்குப் பின்னால் ஒரு சந்து. சேற்றில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தோம். அக்கா ஒவ்வொரு கதவாகத் தட்டினார். சுனிதா என்று ஒரு பெண், தட்டச்சு செய்வாள், இரண்டு குழந்தைகள், தெரியுமா? கடைக்காரரிடம், இஸ்திரி போடுபவரிடம், குழாயடியில் நின்ற பெண்களிடம். வாழ்நாளெல்லாம் சேர்த்துவைத்த கேள்விகளை ஒரே சந்தில் கொட்டுபவர் போலக் கேட்டுக்கொண்டே போனார்.

சந்தின் கடைசி வீட்டில் ஒரு பெண் கதவைப் பாதி திறந்து, முந்தானையைத் தலையில் இழுத்துக்கொண்டு, பதில் சொல்லாமல் திருப்பிக் கேட்டாள்: "ஆப் கோன்?" நீங்கள் யார் என்று.

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் கையிலிருந்த செருப்பைக் கீழே வைத்தார். தம் முழுப் பெயரைச் சொன்னார்; தந்தையின் பெயரைச் சொன்னார்; ஊரைச் சொன்னார்; எங்கே வேலை பார்க்கிறார், எங்கே குடியிருக்கிறார், வீட்டில் தம்மைத் தவிர வேறு எவரும் இல்லை என்பதையும் சொன்னார். பிறகு, "சுனிதாவின் வேலை போனது என்னால். அதைச் சொல்ல வந்தேன்" என்றார்.

அந்தப் பெண்ணின் முகம் இளகியது. அவர்கள் ஹோலிக்கு முன்பே காலி செய்துவிட்டார்கள், பானிபட் பக்கம் மாமனார் வீட்டுக்கு என்றாள். விலாசம் தெரியாது. குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள்.

ரிக்‌ஷாவில் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. ஜனக்புரி வளைவு வந்ததும், "என்ட்ட ஏதாவது கேக்கணும்னு இருந்தா கேட்டுருங்க டீச்சர். சொல்லுதேன்" என்றார்.

இத்தனை ஆண்டுகளாக எங்கள் வீட்டில் ஊகித்ததெல்லாம் என் நாவின் நுனியில் வந்து நின்றது. மணம், மணமுறிவு, ஏன் தனியாக. வாயிற்காவலரும் வீட்டுக்காரர்களும் கேட்டவைதாம் அவை.

"மணி ரெண்டாகப் போவுது. நம்ம வீட்டில சாப்பிடுறீங்களா?" என்று கேட்டேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "சாப்பிடுதேன்" என்றார்.

அதன்பின்னும் அவர் பானிபட்டுக்கு இருமுறை தனியாகப் போய்வந்தார் என்று பஸ்ஸில் உடன் போகிறவர்கள் சொன்னார்கள். கண்டாரா என்று நான் கேட்டபோது, "இல்லை" என்று மட்டும் சொன்னார். என் கணவர் ஓய்வு பெற்ற அடுத்த ஆண்டு அக்கா விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, தங்கை இருந்த பாளையங்கோட்டைக்குப் போனார். பொங்கலுக்குப் பொங்கல் தொலைபேசியில் பேசுவார். எடுத்தவுடன் "யாரு பேசுதது, டீச்சரா?" என்று கேட்பார், என் குரல் அவருக்குத் தெரியாததைப் போல. சில ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு பொங்கலுக்கு அவர் குரல் வரவில்லை. அவர் தங்கையின் குரல் வந்தது.

மேல்வீடு இருமுறை கைமாறிவிட்டது. மீரா பெங்களூரில் இருக்கிறாள். சார்ட்டர்ட் பஸ் நின்ற இடத்தில் இப்போது மெட்ரோவுக்குப் போகும் ஆட்டோக்கள் நிற்கின்றன. கீழ்வீட்டில் நாங்கள் இருவரும் இருக்கிறோம். அழைப்பு மணி அடித்தால் என் கணவர் உள்ளிருந்தபடி "யாரு?" என்கிறார். நான் போய்க் கதவைத் திறக்கிறேன்.